ஆய்வுக்கூடத்திலிருந்து கேமரா முன்னால்: எண்ணூர் ஆற்றில் நாலு நிமிடம்

கடலுயிரியல் படித்த ஒருவர் டிவி நிகழ்ச்சி நடத்த வந்தால், முதலில் வெட்டுப்படுவது “என்று கருதுகிறார்கள்” என்ற இரண்டு சொல். “இந்த ஆழி கப்பலோடு வந்தது என்று கருதுகிறார்கள்” என்று அவர் பேசியிருப்பார். ஆழி என்பது இங்கே ஒருவகைச் சிப்பி. ஒளிபரப்பில் “இந்த ஆழி கப்பலோடு வந்தது” என்று முடிந்திருக்கும். எடிட்டர்மேல் தப்பில்லை, அவருக்கு இரண்டு விநாடி மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. தமிழில் சந்தேகமும் நிபந்தனையும் வாக்கியத்தின் வாலில்தான் வரும். வாலை நறுக்கினால் ஊகம் உண்மையாகிவிடும். அதனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் பழக வேண்டிய முதல் வேலை, நிபந்தனையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவருவது. “உறுதியான சாட்சி கிடையாது. கப்பலோடு வந்திருக்கலாம்.” இப்படி இரண்டு சின்ன வாக்கியமாகப் பேசினால், முதல் வாக்கியத்தை வெட்டினாலும் ‘லாம்’ தப்பிக்கும். இரண்டாவதை வெட்டினால் பொய் எதுவும் மிஞ்சாது.

வட சென்னைக் கரையில் வளர்ந்து, கடலுயிரியல் படித்து, கேமரா முன்னால் நிற்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்காக எழுதியது இது. காசிமேடு துறைமுகம், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு ஏரி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. ஆழ்கடல் மீன், ஆற்றுச் சேறு, உப்புநீர் ஏரி என்று மூன்று வேறு உலகங்களை ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் ஹான்ஸ் ஹாஸ். 1919ல் வியன்னாவில் பிறந்தவர். சட்டம் படிக்கப் போனவர், நீருக்கடியில் ஈட்டியால் மீன் குத்திப் பழகி, பிறகு ஈட்டியை வைத்துவிட்டு கேமராவை எடுத்து, விலங்கியலுக்கு மாறினார். பாறையில் படர்ந்து வாழும் பிரையோசோவா என்ற சிற்றுயிர்க் கூட்டங்களை ஆராய்ந்து 1943ல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வுக்குத் தானே மூழ்கி வேலை செய்தார். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கும் ஆக்சிஜன் கருவியைப் பயன்படுத்தினார். 1956ல் மனைவி லோட்டேயுடன் பிபிசி தொலைக்காட்சியில் தொடர் நடத்தினார். 2013ல் காலமானார். மணலில் குழி தோண்டி, வாலை உள்ளே வைத்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டி ஆடும் ஒரு புள்ளி விலாங்குக்கு ஹெட்டிரோகாங்கர் ஹாஸி என்று பெயர். அந்த ஹாஸி இவர்தான். மூழ்கியதும், படமெடுத்ததும், ஆராய்ந்ததும் அவருக்கு ஒரே வேலை. அந்த வரிசையை மாற்றி, முகத்தை முதலில் வைத்து ஆய்வைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் இரண்டு சீசனுக்குள் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பார்கள்.

ரேச்சல் கார்சனையும் இங்கே நினைக்க வேண்டும். விலங்கியலில் முதுகலை முடித்து, 1935ல் அமெரிக்க மீன்வள அலுவலகத்துக்காக ஏழு நிமிட வானொலிப் பகுதிகள் 52 எழுதினார். ஏழு நிமிடத்துக்கு எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லை ஒட்டித்தான் போகும். அதற்கு மேல் போனால் கேட்கிறவர் பாதியில் விட்டுவிடுவார். ஏழு நிமிடம் என்றால் எழுநூறு சொல். அதற்குள் ஓர் உயிரின் பெயர், வாழிடம், இரை, ஆபத்து எல்லாம் வர வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்கலாம். சென்னையில் வஞ்சிரம் என்று விற்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். காசிமேட்டில் ஷீலா என்று கேட்டால் கிடைப்பது நீண்ட வாயும் கூர்ப்பல்லும் உள்ள பாரக்குடா. அது வேறு குடும்பம். மாநிலம் முழுக்கப் போகும் நிகழ்ச்சியில் ‘சீலா’ என்று மொட்டையாகச் சொன்னால் பாதிப் பேருக்கு வேறு மீன் போய்ச் சேரும். ஊர்ப்பெயரைச் சொல்லி, எந்த ஊர்ப் பெயர் என்பதையும் சொல்லி, மீனைத் திருப்பிக் காட்ட வேண்டும். வஞ்சிரம் என்ற ஒரே பெயருக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடக்கம். ஸ்கோம்பரோமோரஸ் கமர்சன் என்ற இனத்துக்குப் பக்கவாட்டில் குறுக்காக அலையலையான கோடுகள் இருக்கும். அதன் பக்கக்கோடு, அதாவது உடம்பின் பக்கத்தில் தலையிலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய கோடு, இரண்டாம் முதுகுத் துடுப்பு முடிகிற இடத்துக்குக் கீழே சட்டென்று மடங்கி இறங்கும். ஸ்கோம்பரோமோரஸ் குட்டாட்டஸுக்குக் கோடு கிடையாது, உருண்டைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதன் பக்கக்கோட்டிலிருந்து மேலும் கீழும் மெல்லிய கிளைகள் பிரியும். இதைக் கேமராவில் காட்ட, மீனை ஐஸிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவி, தலை இடப்பக்கம் இருக்கும்படி கிடத்தி, வெளிச்சத்தைச் சாய்வாக விட வேண்டும். நேராக விட்டால் செதிலும் ஈரமும் மின்னி, கோடு மறைந்துவிடும்.

அந்த மீனை அறுக்கிற அக்காவுக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். எது எண்ணெய் விடும், எது குழம்பில் உடையும் என்று அவர் சொல்வார். நீரோட்டத்துக்கும் அப்படித்தான். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்லும் ஆட்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கொண்டல், வாடை என்ற காற்றுப் பெயர்களும் அவர்களிடம் அன்றாடப் புழக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டு, பாடப்புத்தகச் சொல்லை மொழிபெயர்த்துப் பேசுவது சோம்பேறித்தனம்.

இனி ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை போய்ப் பார்ப்போம். பொருள் காக்கா ஆழி. இடம் எண்ணூர், கொசஸ்தலை ஆறு. நீளம் 4 நிமிடம்.

காக்கா ஆழி என்று ஆற்று மீனவர்கள் பெயர் வைத்த இந்தச் சிப்பி, மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளுக்குச் சொந்தமானது. கறுப்பு, பழுப்பு, சில நேரம் பச்சை கலந்தும் வரும். பெரும்பாலும் விரல் நீளத்துக்குக் குறைவு. நூல் சுரந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் படரும். இறால் சேற்றில் புதைந்து மறைகிற உயிர். மேலே பாய் விரித்துவிட்டால் அது எங்கே புதையும்? பறி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு, இறால் தட்டுப்பட்ட இடத்தில் இப்போது விரலைக் கிழிக்கும் ஓடு தட்டுப்படுகிறது. மஞ்சள் மட்டியும் அதே சேற்றில் வாழ்வதுதான், அதுவும் மூடப்படுகிறது. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் உடம்பு இந்த ஆழிக்கு. குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து பரவும். இவ்வளவும் நாலு நிமிடத்தில் வராது. இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாயையும் இறாலையும் எடுத்துக்கொள்வதே சரி. மற்றதெல்லாம் கேள்வி வந்தால் பதில் சொல்லக் கையில் இருக்கட்டும்.

நாள் குறிப்பது ஓதத்தைப் பார்த்து. சென்னைக் கரையில் நீர் ஏறி இறங்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் சுமார் 1 மீட்டர்தான். மற்ற நாட்களில் அதற்கும் குறைவு. அரை மீட்டர் தவறினாலும் காட்ட வேண்டிய சேறு தண்ணீருக்குள் போய்விடும். அதனால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒட்டி, பகல் வெளிச்சத்தில் நீர் வற்றும் நாளாகப் பார்க்க வேண்டும். ஒருநாள் தள்ளினால் வற்று நேரம் சுமார் 50 நிமிடம் பிந்தும். ஓத அட்டவணையில் இருப்பது கடலோர நேரம். ஆற்றுக்குள் போகப் போக நீர் பிந்தித்தான் வற்றும். எவ்வளவு பிந்தும் என்பது முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் படகுக்காரரிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். “அண்ணே, நாளைக்கு எத்தனை மணிக்குத் தரை தெரியும்?” என்ற ஒரு கேள்வி போதும். மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் காட்சிக்கு ஆகாது. ஆறு கலங்கி ஓடும், ஆழமும் கூடும்.

இரு கரையிலும் அனல்மின் நிலையங்கள், பக்கத்தில் துறைமுகங்கள். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பலாம், எது தடை செய்யப்பட்ட இடம் என்பதை எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிரோனைப் பறக்கவிடலாமா என்பதை அரசு வரைபடத்தில் பார்க்காமல் பெட்டியிலிருந்து எடுக்கவே கூடாது. துறைமுகத்தை ஒட்டிய வானம் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத இடமாக இருக்கலாம்.

கடலுயிரியலாளர் என்பதைக் காட்ட வெள்ளைக் கோட்டு தேவையில்லை, ஒரு சதுரச் சட்டம் போதும். அரை இஞ்ச் பிவிசி குழாய் நாலு துண்டு, நாலு எல்போ. ஒட்டி முடித்தபின் உள்விளிம்பு 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குழாயை 25க்கு அறுத்துவிட்டால் எல்போவின் அளவு சேர்ந்து சட்டம் சற்றுப் பெரிதாகிவிடும். முதலில் ஒட்டாமல் மாட்டி உள்விளிம்பை அளந்து, கூடுதலாக இருப்பதைக் கழித்து அறுக்க வேண்டும். குழாயில் அங்கங்கே துளை போட்டால்தான் தண்ணீர் புகுந்து மூழ்கும், இல்லையென்றால் மிதந்து ஓடும். 25க்கு 25 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சட்டத்துக்குள் 40 ஆழி இருந்தால் 16ஆல் பெருக்கி, சதுர மீட்டருக்கு 640. இந்தக் கணக்கைக் கேமரா முன்னாலேயே போடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இங்கேதான் பெரிய சோதனை வரும். கேமராமேன் “இந்தப் பக்கம் வையுங்க, இங்கே நெறைய இருக்கு” என்பார். அடர்ந்த இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைத்து எண்ணிவிட்டு, அதை ஆற்றின் நிலை என்று சொன்னால் அது பொய். சட்டத்தை ஐந்து இடத்திலாவது பார்க்காமல் போட வேண்டும். கயிறு கட்டி அளந்து பத்துப் பத்து அடிக்கு ஒன்றாக வைப்பது இன்னும் நல்லது. ஐந்து எண்ணிக்கையையும் சொல்ல நேரம் இருக்காது. “குறைந்த இடத்தில் இவ்வளவு, அதிகமான இடத்தில் இவ்வளவு” என்று இரண்டைச் சொன்னால் நேர்மை கெடாது. ஒரு சட்டத்தில் பூஜ்யம் வந்தால் அதையும் காட்ட வேண்டும்.

மேலாக எண்ணுவதும் போதாது. பாயில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். சட்டத்துக்குள் இருப்பதை 5 சென்டிமீட்டர் ஆழம் வரை அள்ளி, 1 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசினால் குட்டி ஆழிகளும் சேறும் பிரியும். அலசும்போது வருகிற சத்தமும் நிறமும் காட்சிக்கு அருமையாக அமையும். இதை இரண்டு தடவை எடுக்க முடியாது, கேமரா ஓடத் தொடங்கியபின்தான் அலச வேண்டும். பக்கத்தில் உப்புமானி ஒன்று. முதலில் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஆற்று நீர் இரண்டு சொட்டு. திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35ஐ ஒட்டி வரும், ஆற்றுக்குள் மழைக்குப் பின் நன்றாகக் குறையும். கண் வைத்துப் பார்க்கும் குழாய்க்குள் மொபைல் கேமராவை ஒட்டி வைத்தால் அந்த நீலக்கோடே திரையில் தெரியும்.

சேற்றில் காலை உள்ளே விடுவதற்கு முன் மூடிய ரப்பர் பூட்ஸ், வெட்டுத் தாங்கும் கையுறை. ஆழி ஓட்டின் கீறல் சின்னதாக இருக்கும், ஆனால் இந்த ஆற்று நீரில் சீழ் பிடிக்கச் சீக்கிரம். கீறல் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், படப்பிடிப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெளுத்தி முள்ளோ திருக்கை வால் முள்ளோ குத்தினால், பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி நேரமாவது அந்த இடத்தை முக்கி வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் படகில் இருக்கட்டும்.

தொகுப்பாளர் செய்கிற இன்னொரு தவறு, பாலத்தூணில் ஒட்டியிருக்கும் பச்சை ஆழியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு காக்கா ஆழி என்று பேசுவது. பச்சை ஆழி நம் கடலுடையது. ஓட்டின் விளிம்பு பச்சையாக மின்னும், வளர்ந்தால் உள்ளங்கை நீளம் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் பிடிபடும்.

240 விநாடியில் தொகுப்பாளர் முகம் 60 முதல் 70 விநாடிக்கு மேல் வேண்டாம். தடவும் கை, சல்லடை, சட்டம், இறால் பிடிக்கிறவரின் பேச்சு இவற்றுக்கு மிச்சம். அவரிடம் “வருமானம் பாதிச்சிருக்கா?” என்று கேட்டால் “ஆமா” என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். “முன்னே ஒரு ஓதத்துக்கு எத்தனை பறி ரொம்பும்? இப்போ எவ்ளோ?” என்று கேட்டால் அவரே இடம், மாதம், விலை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். பேசுகிறவர் வயதில் பெரியவராக இருந்தால் அண்ணே, ஆயா என்று கூப்பிட்டே பேசலாம். எடிட்டிங்கில் அதை வெட்டவும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் பூட்ஸ், சட்டம், சல்லடை, கயிறு எல்லாவற்றையும் அங்கேயே சேறு போகத் தட்டி, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். நாளைக்கே பழவேற்காட்டில் வேறு படப்பிடிப்பு இருந்தால் ஈரக் கயிற்றோடு போகக் கூடாது. வந்தேறி உயிரைப் பற்றி நிகழ்ச்சி எடுத்துவிட்டு அதை நாமே இடம் மாற்றி விடுவதைப் போலப் பாவம் வேறில்லை. படகுக்காரருக்கு டீசலும் கூலியும் அன்றன்றே.

கேமரா விஷயத்தில் இந்தக் கரைக்கென்று சில கணக்கு உண்டு. நம் கடல் கிழக்கே. கடலைப் பின்னால் வைத்துத் தொகுப்பாளர் நின்றால் காலைச் சூரியன் அவர் முதுகில், முகம் கறுத்துவிடும். மாலையில் சூரியன் மேற்கே இறங்கி முகத்திலும் அலையிலும் நன்றாக விழும். ஆனால் உச்சிக்குப் பிறகு கடற்காற்று எழுந்து மைக்கைப் பிய்க்கும். காலையில் எடுப்பதே மேல். கரையோடு வடக்கு தெற்காகக் கேமராவைத் திருப்பி, நிலப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றைப் பிடித்தால் முகத்துக்கு வெளிச்சம் திரும்பும். காலர் மைக்கைச் சட்டைக்கு உள்ளே, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒட்ட வேண்டும். மேலே மயிர் உறை இல்லாமல் கடற்கரையில் பதிவு செய்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் 30 விநாடி அலைச் சத்தத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால், வெட்டி ஒட்டிய இடங்களை மூட உதவும். தண்ணீருக்குள் இருப்பதைக் கரையிலிருந்து காட்ட, லென்ஸில் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். நீர்ப்பரப்பிலிருந்து 37 டிகிரி ஒட்டிய சாய்வில் பார்த்தால் அது பளபளப்பை நன்றாக எடுக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் பயனில்லை.

காசிமேட்டு ஏலத்தை எடுப்பதானால் விடியும் முன்னே போய்ச் சேர வேண்டும். அங்கே விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிபவை. கேமராவில் ஷட்டர் 1/60ல் இருந்தால் படம் துடிக்கும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை. ஏசி காரிலிருந்து லென்ஸை எடுத்ததும் பனி பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு வெளியே வைத்துவிட வேண்டும். உப்பு படிந்த லென்ஸைக் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு வடித்த நீரில் நனைத்த தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். லாஞ்ச் என்கிற விசைப்படகிலிருந்து மீன் இறங்கும் வழியில் டிரைபாடை விரிக்காதீர்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவருக்குக் கண் முன்னால் பெட்டிதான் தெரியும். ஏலம் நடக்கும்போது விலை கேட்கக் கூடாது, முடிந்தபின் “என்ன பாடு அண்ணே, எத்தனை நாள் தங்கல்?” என்று பிடிபட்டதையும் கடலில் தங்கிய நாளையும் கேட்டுத் தொடங்கினால் பேச்சு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஏலக்காட்சி கிடைப்பது கடினம். வலை பின்னுவது, படகுக்கு வர்ணம் பூசுவது, இன்ஜின் பிரிப்பது எல்லாம் அந்த நேரத்தில் எடுத்துவிடலாம். வலையோடு வலக்கடியன் என்ற கடல்பாம்பு வந்து கிடந்தால் செத்த பாம்புதானே என்று தொடக் கூடாது. கடுமையான நஞ்சு, அசையாமல் கிடப்பதும் அதற்கு வழக்கம்.

நீருக்கடியில் போவதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் வட சென்னைக் கரையை ஒட்டிய நீர் பெரும்பாலும் கலங்கல். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். முதல் சில மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, பத்து மீட்டரை நெருங்கும்போது ஏறக்குறைய போய்விடும். விளக்கைக் கேமராவுக்கு நேர்மேலே வைத்தால் மிதக்கும் தூசு எல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும், பக்கவாட்டில் கையை நீட்டி வைக்க வேண்டும். தட்டைக் கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், மீனின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லாதீர்கள். கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், தண்ணீர் புகுந்துவிடும். பேசிக்கொண்டே மூழ்க முழுமுக மாஸ்க் தேவை. அதில் காற்று வழக்கத்தைவிட வேகமாகத் தீரும், பேசுகிற ஆசையில் அளவுமானியைப் பார்க்க மறந்துவிடக் கூடாது.

பங்குனி ஆமையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, கடல் தெரிந்த எல்லோரையும் கேமராக்கள் தேடின. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. செத்ததையும் புரட்டிப் பார்க்க, தூக்கிக் காட்ட அனுமதி வேண்டும். உயிரோடு முட்டையிட வந்ததைக் கண்டால் வெள்ளை வெளிச்சம் கூடவே கூடாது, கடலுக்கும் அதற்கும் நடுவில் நிற்கவும் கூடாது. செத்த ஆமையின் முன் நின்று “இழுவலையில் மூழ்கிச் செத்தது” என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். மூச்சுவிட மேலே வர முடியாமல் வலைக்குள் மூழ்குவது பெரிய காரணம் என்பது சரிதான், ஆனால் இந்த ஒரு ஆமைக்கு எது காரணம் என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அனுமதி இருந்தால் ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் வளையும் டேப்பால் அளந்து, இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்குச் சொல்வதே கேமராவுக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நேரலை இன்னும் கடினம். 2017 ஜனவரி 28ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது. இப்படிப்பட்ட நாளில் கேட்கும் முதல் கேள்வி “மீன் சாப்பிடலாமா?” என்பதே. “பயப்பட வேண்டாம்” என்பதும் “சாப்பிடாதீர்கள்” என்பதும், சோதனை முடிவு கையில் இல்லாதபோது இரண்டுமே தவறு. முதல் விடை ஆயிரம் வீட்டுக் குழந்தைகளின் உடம்புக்குக் கேடு, இரண்டாவது ஆயிரம் வீட்டு அடுப்புக்குக் கேடு. சொல்ல வேண்டிய வரிசை இது: எந்த இடத்து மீன் சோதிக்கப்பட்டது, என்று சோதிக்கப்பட்டது, யார் சோதித்தது. முடிவு வரவில்லையென்றால் அதுவே முதல் வாக்கியம். பிறகு ஆற்று மீன், மட்டி, நண்டு வேறு, லாஞ்சில் பல நாள் தூரம் போய்ப் பிடித்த மீன் வேறு என்று பிரித்துச் சொல்லலாம். மட்டியும் ஆழியும் நீரை வடிகட்டித் தின்பவை, இடம்பெயர்ந்து ஓடவும் முடியாதவை. அதனால் அவற்றை முதலில் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவும் 40 விநாடியில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

படிப்புக்கு அருகிலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலுயிரியலில் முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பட்டம் முடியும்வரை காத்திருக்காமல், வாரம் ஒன்றாக 90 விநாடிக் காட்சி எடுத்துப் பழகினால் ஒரு வருடத்தில் ஐம்பது சேரும். அதில் நாலைந்து தேறும். சேனலுக்குக் காட்டும் தொகுப்பு இரண்டரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் 20 விநாடியில் இசையும் சூரிய உதயமும் இல்லாமல், நீங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் ஓர் உயிரை விளக்குவது இருக்கட்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: ஒளிபரப்புக்கு முன் அறிவியல் தகவலைச் சரிபார்க்கும் உரிமை, வெட்டாத மூலக் காட்சியின் ஒரு பிரதி.

அந்த மூலக் காட்சிக்கு இடம், தேதி, ஓத நேரம், உப்பு அளவு, சதுரச் சட்டத்தின் எண் என்ற ஐந்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் சட்டத்தை வைக்கப் போகிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருப்பது அதுதான். தொகுத்து முடித்த நாலு நிமிடத்தை, ஒளிபரப்புக்கு முன்னால், படகு ஓட்டிய அண்ணனுக்கும் இறால் தடவிய ஆயாவுக்கும் மொபைலில் போட்டுக் காட்டுங்கள். “பேரு தப்பாச் சொல்ற, அது வேற மட்டி” என்று ஆயா சொன்னால், குரலைத் திரும்பப் பதிவு செய்ய அன்றைக்கு இரவு வரை நேரம் வைத்திருங்கள்.